மிச்சிகன் வாவிக்கரை நூதனசாலைகள்

விவேகானந்த சுவாமிகள் சிக்காகோ நகரிற் கூடிய சர்வமத மகாசபையிலே பேசிய செய்தியை அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆயினும், அவர் பேசிய இடம் யாதென வினவின், உலகப் பொருட்காட்சி மைதானம் என்றே பலரும் விடை பகர்வர். மாணவர் எழுதும் கட்டுரைகளில் இப்பிழையைத் திருத்தித் திருத்தி எம் கை சலித்துவிட்டது. பொருட்காட்சி நிகழ்ந்தது நகரின் தென்பாலுள்ள ஜாக்சன் பூங்காவில். மகாசபை கூடியதோ அதற்கு வடக்கே ஏறக்குறைய ஏழு மைல் தொலைவில், நகரின் நடுவே, அவ்வாண்டிற் புதிதாக எழுந்த கலைக்கழகக் கட்டடத்தில். 1893 செப்டெம்பர் 11ஆந் தேதி முதல் 27ஆந் தேதி வரை ஆங்கு அச்சபை நடந்தது. இலங்கையிலிருந்து சென்ற அநகாரிக தர்மபாலரும் அதிற் பேசினார். அதன்பின் அக்கட்டடம் ஓவிய நூதனசாலையாயிற்று. இன்றும் அவ்வாறே விளங்குகின்றது. சபை கூடிய தற்காலிக மண்டபங்கள் இப்போது இல்லை. முன்னாலுள்ள வீதிப் பகுதிக்கு 1995இற் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. 1897 சனவரியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் உரையாற்றிய அதே சுவாமிகளின் பெயரை அவ்வீதியிற் காணும் நம்மவர் சிறிது நேரம் நின்றே செல்வர்.

கலைக்கழகத்தைச் சூழ்ந்த பூங்கா நிலத்திற் பெரும்பகுதி ஒருகாலத்தில் நீராயிருந்தது. 1871 ஒக்டோபரில் நகரை எரித்த பெருந்தீ ஏறக்குறைய முந்நூறு உயிரைக் குடித்தது. ஓர் இலக்கம் மக்களை வீடற்றவராக்கியது. எரிந்த வீடுகளின் கல்லும் சாம்பலும் வாவியிற் கொட்டப்பட்டுக் கரை முன்னேறியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்நகரே உலகத்தைத் தன்பால் அழைத்தது. டானியல் பேண்அம் என்னும் சிற்பியின் தலைமையில் எழுந்த பொருட்காட்சிக்கு ஆறே மாதத்தில் இரண்டு கோடியே எழுபது இலக்கம் வருகைகள் கணக்கிடப்பட்டன. 264 அடி உயரமான பெரிஸ் இராட்டினம் முதன்முதற் சுழன்றதும் ஆங்கேதான். இலங்கை மண்டபமும் ஒன்றிருந்தது. நம் தீவின் தேயிலைக்கு அமெரிக்காவிற் சந்தை தேடுவதும் அதன் நோக்கமாம்.

வெண்ணகர் எனப் புகழப்பட்ட அம்மாளிகைகள் மரச்சட்டத்தின்மீது சாந்து பூசியவை. சில மாதம் நிற்றற்கே கட்டப்பட்டவை. 1894இல் மூண்ட தீயிற் பல அழிந்தன. நுண்கலை மாளிகை மாத்திரம் செங்கல்லாற் கட்டப்பட்டிருந்தது. தீப்பற்றும் கட்டடத்திற்குப் பிறநாட்டார் தம் அரிய ஓவியங்களை இரவல் கொடார் என்பதே காரணம். அந்த அச்சம் அம்மாளிகையைக் காத்தது. மாஷல் பீல்ட் என்னும் பெருவணிகர் பத்து இலக்கம் டொலர் ஈந்தார். 1894இல் அங்கே இயற்கைப் பொருள் நூதனசாலை தொடங்கிற்று. அது பின்னர் வேறிடம் பெயர, யூலியஸ் றோசன்வால்ட் என்னும் மற்றொரு வணிகரின் கொடையால் அம்மாளிகை புதுப்பிக்கப்பட்டு, 1933இல் விஞ்ஞான கைத்தொழில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மியூனிச் நகரத்து நூதனசாலையில் தம் மகன் அடைந்த களிப்பே அவரைத் தூண்டியது என்பர். நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்குவது போன்ற காட்சியும், 1944இற் கடலிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலும் இன்றும் அங்கே சிறுவரைக் கவர்கின்றன.

பீல்ட் நூதனசாலை பெயர்ந்த கதை தனிச் சுவையுடையது. நகர நடுவிலுள்ள பூங்காவில் அதனை அமைக்கப் பேண்அம் 1909ஆம் ஆண்டுத் திட்டத்தில் விரும்பினார். ஆனால், 1836ஆம் ஆண்டு நிலப்படமொன்று அக்கரையைக் கட்டடமற்ற பொதுநிலம் எனக் குறித்திருந்தது. தபால் மூலம் பொருள் விற்ற மொன்ற்கொமறி உவாட் என்பார் அக்குறிப்பைக் கைக்கொண்டு 1890 முதல் இருபதாண்டு வழக்காடினார். நூதனசாலைக்கே பகைவர் என்ற பழி அவரைச் சூழ்ந்தது. 1911இல் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆதலின் நூதனசாலை தெற்கே, வாவியைத் தூர்த்த நிலத்தில் 1921இற் திறக்கப்பட்டது. பழி சுமந்த உவாட்டே அக்கரைக்குப் பெருங்கொடை செய்தவர் என்பது எம் கருத்து; அவர் தோற்றிருப்பின் இன்று மக்கள் உலாவும் வெளி இராது.

அந்நூதனசாலையில் 1990இற் கண்டெடுத்த பேருருப் பல்லியின் எலும்புக்கூடு உண்டு. 1997இல் அதனை எண்பது இலக்கம் டொலருக்கு மேல் விலை கொடுத்து வாங்கினர். ஆயினும், நம்மவர் தேடிக் காணவேண்டியவை சாவோ என்னுமிடத்துச் சிங்கங்கள் இரண்டு. 1898இல் கிழக்காபிரிக்கப் புகையிரதப் பாதையில் அவற்றுக்கு இரையானோருட் பலர் இந்தியாவினின்று கொண்டுசெல்லப்பட்ட கூலியாட்களே.

அயலில் 1930இல் மீன்காட்சிச்சாலையும், அமெரிக்காக் கண்டத்தின் முதலாவது கோளரங்கும் திறக்கப்பட்டன. மீன்காட்சிச்சாலைக்கு வேண்டிய கடல்நீர் புளோரிடாவிலிருந்து புகையிரதத்தில் வந்தது. அத்துணைப் பெரிய வாவி அருகிருந்தும் அது நன்னீராதலின் பயன்படவில்லை.

பொருட்காட்சியில் கறுப்பின மக்களுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை. பிறெடெறிக் டக்ளசும் ஐடா உவெல்சும் அதனைக் கண்டித்து அவ்வாண்டே துண்டுநூல் வெளியிட்டனர். ஆபிரிக்க மக்களைக் கொணர்ந்து குடில்களில் இருத்திக் காட்சிப்பொருளாக்கியதும் அங்கு நிகழ்ந்தது. இத்தனைக்கும், சிக்காகோ ஆற்று முகத்தில் நிலையாகக் குடியேறிய முதல்வர் எனப்படும் டு சாபில் ஆபிரிக்க மரபினர். 1961இல் மார்கறெற் பறோஸ் என்னும் ஆசிரியை, கணவரோடு சேர்ந்து, தம் வீட்டு அறைகளிலேயே கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு நூதனசாலை அமைத்தார். டு சாபிலின் பெயர் பெற்ற அது 1973இல் உவாஷிங்ரன் பூங்காவிலுள்ள பழைய நிருவாகக் கட்டடத்துக்கு மாறியது. அக்கட்டடத்தை 1910இல் வரைந்தளித்தது பேண்அமின் நிறுவனமே.