பசுமைப் பட்டாசுப் போலி முத்திரை

பேரியம் கலந்த பட்டாசைப் பசுமைப் பட்டாசு என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் மோசடி. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் விருதுநகர் மாவட்டச் சிவகாசி வட்டாரத்தை 2018-க்குப் பின் நீதிமன்றம்வரை இழுத்த விவகாரம் இது.

தில்லியின் காற்று மாசை எதிர்த்து 3 பச்சிளங் குழந்தைகள் சார்பில் 2015-இல் தொடரப்பட்டது அர்ஜுன் கோபால் வழக்கு. அதில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்தது. பேரியம் நைட்ரேட், மருந்து எரிய ஆக்சிஜன் தருவது. பச்சை ஒளியும் அதனால்தான். கம்பி மத்தாப்புக்கும் சக்கரத்துக்கும் புஸ்வாணத்துக்கும் அது முக்கியச் சரக்கு. ஆலைகள் மூடின, கூலியை நம்பிய குடும்பங்கள் மாதக்கணக்கில் வேலையின்றித் தவித்தன.

மாற்று வழியாக, நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் கலவைகளை உருவாக்கியது. இவற்றால் நுண்துகள் மாசு 30 விழுக்காடாவது குறையும். 2019 அக்டோபரில் அறிமுகமான பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் தனி முத்திரையும் கியூஆர் குறியீடும் இடம்பெற்றன.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பெட்டியைப் பிரித்து, காகிதக் குழாயைக் கிழித்தே பார்த்தாலும், சாம்பல் நிறத் தூளில் எந்த உப்பு இருக்கிறதென்று வாங்குபவரால் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அவர் லேபிளை நம்பிக் காசு கொடுக்கிறார். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊரில் ஒரு முத்திரையை அச்சடிப்பது பெரிய வேலையும் அல்ல.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சென்னை சிபிஐயை விசாரிக்கச் சொன்னது. தடைக்குப் பிறகும் பேரியம் உப்பு பெருமளவில் வாங்கப்பட்டதையும், லேபிளும் உள்ளிருந்த மருந்தும் பொருந்தாததையும் அறிக்கை காட்டியது. கியூஆர் குறியீடுகளே போலி என்ற குற்றச்சாட்டை 2021 அக்டோபர் 29 ஆணை பதிவுசெய்தது. மீறல் நடந்தால் மாநிலத் தலைமைச் செயலர் முதல் காவல் அதிகாரிகள்வரை நேரடிப் பொறுப்பு என்றும் எச்சரித்தது.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் விதிப்படி மருந்து கலந்த சிறு ஆலைக்காரர்களும், கலவை இன்னதென்று கேட்கவே முடியாத கூலித் தொழிலாளிகளும். வேறு சரக்கு என்ற பெயரில் கன்டெய்னரில் கடத்திவரப்படும் சீனப் பட்டாசால் நட்டப்பட்டு, பல ஆண்டுகள் முறையிட்ட ஊர் சிவகாசி. பொய்ப் பெயரில் வரும் சரக்கு நேர்மையான வியாபாரத்தை எப்படிக் கெடுக்கும் என்பதை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனாலேயே இந்த மோசடியை மன்னிக்க முடியவில்லை.

மேம்படுத்திய கலவையில் பேரியத்தை அனுமதிக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 22 அன்று ஏற்க மறுத்தது. 2025 தீபாவளிக்குத் தில்லியில் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோது, கியூஆர் குறியீட்டைச் சரிபார்க்கக் கண்காணிப்புக் குழுக்களை அமைக்கவும் உத்தரவிட்டது.