நோன்பு திறந்ததும் பற்றவைக்கும் சிகரெட்: புகையும் மதுவும் போதையும் உடலில் செய்வது என்ன?

மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், நோன்புக் கஞ்சி, பிறகு தொழுகை. தொழுதுவிட்டு வெளியே வந்தால் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் நம்மவர்கள் நான்கைந்து பேர் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள். ரமளானில் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கிறோம். பார்த்துப் பழகிவிட்டதால் இப்போது நமக்கு உறுத்துவதுகூட இல்லை.

அதே இடத்தில் ஒருவர் மது பாட்டிலோடு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? ஜமாஅத்தில் பிராது போகும். அந்த வீட்டில் சம்பந்தம் வைக்க யோசிப்பார்கள். ஆனால் "தங்கமான பையன், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, சிகரெட் மட்டும்தான்" என்று மாப்பிள்ளைக்குச் சான்று சொல்வதும் நாம்தான். குடியை ஒதுக்கி வைத்த நம் குடும்பங்களில் பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றுக்கு மட்டும் எப்படியோ ஒரு சலுகை கிடைத்துவிட்டது.

சலுகை வந்த வழி

மதுவுக்கான தடை திருக்குர்ஆனில் படிப்படியாக வந்து, அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் முழுமை பெற்றது. புகையிலை அன்றைய அரபுலகில் இல்லை; அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. உஸ்மானியப் பேரரசின் நகரங்களுக்கு அது வந்து சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதைத் தடை செய்து, மீறியவர்களுக்கு மரண தண்டனைவரை விதித்தார். உலமாக்களிடையே ஆகுமானது, மக்ரூஹ், ஹராம் என்று மூன்று கருத்துகளும் இருந்தன.

அன்று கருத்துச் சொன்னவர்களுக்குப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்க வழியில்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோரின் ஆய்வு வெளிவந்ததே 1950இல். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964இல் வந்தது. உயிருக்குக் கேடு என்பது உறுதியான பிறகு, தற்கால மார்க்க அறிஞர்கள் பலர் இதை ஹராம் என்றே சொல்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் "மக்ரூஹ்தானே" என்ற பழைய பேச்சு இன்னும் நடமாடுகிறது.

பத்து வினாடியில் மூளைக்கு

இழுத்த புகையில் உள்ள நிகோடின் ஏறக்குறைய பத்து வினாடிகளில் மூளையை எட்டுகிறது. அங்கே டோபமைன் என்ற பொருளைச் சுரக்கவைத்து ஒரு இதத்தைத் தருகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே மூளை அடுத்ததைக் கேட்கும். "டென்ஷன் குறையுது" என்று பிடிப்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் குறைகிற டென்ஷனில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் உண்டாக்கியதுதான்.

அடிமைப்படுத்துவது நிகோடின் என்றால், கொல்வது பெரும்பாலும் அதனோடு வரும் மற்றவை. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபதளவு புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிக வலுவோடு ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. இதயத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரத்தில் நிகோடின் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாள் முழுவதும் நிகோடின் இல்லாமல் மூளை மீண்டும் கூர்மையாகியிருப்பதால் நோன்பு திறந்தபின் பிடிக்கும் முதல் சிகரெட் பலருக்குத் தலையைச் சுற்றவைக்கும். இதய நோய் உள்ளவருக்கு அந்த நேரம் ஆபத்தானது.

சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மிடம் குறைவு. புகைப்பவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட 30 முதல் 40 சதவீதம் கூடுதல். ஏற்கெனவே இருந்தால், கால்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் புகை மேலும் சுருக்கும். ஆறாத புண்ணில் தொடங்கி விரலை, பாதத்தை எடுக்க வேண்டிய நிலைவரை போனவர்களை நாம் அறிவோம்.

பீடி இயற்கையானது, கெடுதி குறைவு என்பதும் தவறு. அதில் புகையிலை குறைவுதான். ஆனால் இலை சீக்கிரம் அணைந்துவிடுவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றி வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு பீடியும் புகைக்காத அவர்களுக்கும் புகையிலைத் தூள் மூச்சிலும், நிகோடின் தோல் வழியாகவும் ஏறுகிறது. அவர்களின் இருமலைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஷீஷா. தண்ணீர் புகையை வடிகட்டிவிடும் என்று நம்புகிறார்கள். தண்ணீர் புகையைக் குளிரவைக்கிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு சிகரெட்டில் இழுக்கும் புகையைப் போல நூறு மடங்குக்கும் மேல் உள்ளே போகும்.

வாயில் அடக்குவது

ஹான்ஸ், கூல் லிப் என்று பள்ளிக்கூடப் பைகளில் கிடைப்பவை இன்று பெற்றோர் கவனிக்க வேண்டிய முதல் பொருள்கள். புகை வராது, வாடையும் அதிகம் தெரியாது. தமிழ்நாட்டில் குட்காவும் இவை போன்ற மெல்லும் புகையிலையும் 2013இலேயே தடை செய்யப்பட்டும் கள்ளத்தனமாகக் கிடைக்கின்றன. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்தால் நிகோடின் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். அதனால்தான் விடுவதும் கடினம். வைக்கும் இடத்தில் முதலில் வெள்ளைத் திட்டு தோன்றும். கொட்டைப்பாக்கும் சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாமை ஆகியவை இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். இறுகிய சதை பழையபடி ஆவதில்லை; அதில் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் நன்னிமார்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மது: மறைப்பதால் வரும் ஆபத்து

மதுவில் உள்ள எத்தனாலைக் கல்லீரல் அசெட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றி, பிறகு அதையும் உடைக்கிறது. தொடர்ந்து குடிப்பவருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், அடுத்து அழற்சி, கடைசியில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும். முதல் கட்டத்தில் நிறுத்தினால் கல்லீரல் தேறிவிடும். கடைசிக் கட்டத்தில் அது முடியாது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பல இடங்களில் புற்றுநோய்க்கு மது காரணமாகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகச் சொன்னது. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் வேறு கதை: உடலில் அது ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பை அழித்து உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான்.

நம் சமுதாயத்தில் குடிப்பவரே இல்லை என்று சொல்ல முடியாது. மறைக்கிறோம் என்பதுதான் உண்மை. மானத்துக்குப் பயந்து குடும்பம் மூடி மூடி வைத்து, மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இன்னொன்று எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டியது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் "ரமளான் பிறந்தால் விட்டுவிடுகிறேன்" என்று ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துப் பிதற்றல், இல்லாததைக் காணுதல். ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப்பார்க்க அழைத்துப் போகும் நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, மருந்துடன் நிறுத்துவதுதான் முறை.

வலி மாத்திரையும் கஞ்சாவும்

கடும் வலிக்குத் தரும் டபென்டடால் போன்ற மாத்திரைகளைத் தூளாக்கி ஊசியில் ஏற்றும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. இது ஓபியம் வகையைச் சேர்ந்த மருந்து. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். மாத்திரையில் உள்ள கரையாத மாவு ரத்தக் குழாயை அடைத்து, கையே அழுகக்கூடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி சி வைரஸும் தொற்றும். கஞ்சா, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் நினைவாற்றலைக் கெடுக்கும். சிலருக்கு மனப்பிறழ்வைத் தூண்டும். முழுக்கைச் சட்டையையே போடும் பிள்ளை, காரணமில்லாத சந்தேகம், பணம் காணாமல் போவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். போதைக்கு அடிமையானவர் தானாகவே சிகிச்சைக்கு முன்வந்து அதை முழுமையாக முடித்தால், உட்கொண்டது, சிறிய அளவு வைத்திருந்தது ஆகிய குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது.

ரமளான் தரும் கணக்கு

குடிக்குச் சொன்ன எச்சரிக்கை சிகரெட்டுக்குப் பொருந்தாது. அதை ஒரே நாளில் நிறுத்தலாம்; கஷ்டமாக இருக்கும், உயிராபத்து இல்லை. கடைசி சிகரெட்டுக்குப் பின் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு இறங்குகிறது. நம் நோன்பு அதைவிட நீளம். அதாவது பெட்டிக்கடை முன்னால் நிற்கும் அந்தச் சகோதரரின் ரத்தம் அன்றைக்குத் தெளிந்துவிட்டது. பற்றவைத்து மறுபடி கலக்குகிறார். மாதத்துக்கு முப்பது தடவை இப்படி.

நிறுத்தினால் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் அடங்கும். ரமளானின் நீளமும் ஏறக்குறைய அதுதான். பகலை நோன்பு பார்த்துக்கொள்ளும்; காக்க வேண்டியது மஃரிபிலிருந்து சஹர்வரை. ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் தணிந்துவிடும். தேநீரோடு சிகரெட் பழகியவர் சில வாரம் தேநீரை வீட்டில் குடிக்கலாம். கடைப்பக்கம் போகாமல் தராவீஹுக்கு வீட்டிலிருந்தே நேராகப் போகலாம். நிகோடின் பட்டை ஒட்ட மருத்துவர் சொன்னால், தோல் வழியாகச் செல்லும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் முடிவு செய்திருக்கிறது. நிகோடின் சூயிங்கம் அப்படியல்ல, இரவில் மட்டும்தான்.

ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்பு அபாயத்தில் கூடுதலாக இருந்தது பாதியாகக் குறைகிறது. பலர் வழுக்குவது பெருநாள் மாலையில், பழைய நண்பர்களோடு ஊர் சுற்றும்போது. அன்று யாரோடு இருப்பது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி வையுங்கள். புகையிலையை விட இலவச ஆலோசனைக்கு 1800-11-2356, மது மற்றும் போதைப்பொருளுக்கு 14446, மனநல உதவிக்கு 14416. வாப்பாவோ அத்தாவோ தயங்கினால், அவருக்காக மகளே முதலில் அழைத்து விவரம் கேட்கலாம்.