உள்ளிருந்து எழும் வெக்கை

எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்ட் வந்துவிடும். நாரே வொரன், பெரிக், பக்கனம் என்று மெல்பேர்ணின் தென்கிழக்கில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடியேறிய ஊர்களுக்குச் சற்று மேலே, யூக்கலிப்டஸ் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு அது. அங்கே செயின்ட் ஜோர்ஜஸ் வீதியில் ஒரு நினைவிடம் உண்டு. 1983 பெப்ரவரி 16, சாம்பல் புதன் நாள். இரவில் வடக்குக் காற்று திடீரென்று தென்மேற்காகத் திரும்பியபோது நாரே வொரன், பான்டன் ஹில் ஆகிய இரண்டு தொண்டர் படைகளின் தண்ணீர் வண்டிகள் அங்கே தீயில் அகப்பட்டன. 12 பேர் போனார்கள். விக்ரோறியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் அன்றைய நெருப்புகளில் இறந்தவர்கள் 75 பேர்.

இருபது வருடம் அந்த வழியால் போய்வந்தும் நான் அங்கே இறங்கியதில்லை. மகன் பத்தொன்பது வயதில் சி.எஃப்.ஏ. படையில் தொண்டனாகச் சேர்ந்தபிறகுதான் இறங்கினேன். "எங்கட ஆக்களில ஆர் இதுக்குப் போறது?" என்று மனைவி அழுதாள். நான் அழவில்லை; அவனுடைய மஞ்சள் மேலங்கியைத் தடவிப் பார்த்து, "இது மெல்லிசா இருக்கே தம்பி, உள்ளுக்கு இன்னொண்டு போடு, கழுத்து வரைக்கும் பூட்டு" என்றேன். நெருப்பு வெளியிலிருந்து வருவது. அதைத் தடுக்கத்தான் உடுப்பு. வேறெப்படி யோசிப்பது?

இரண்டாவது கோடையில் ஒரு பிற்பகல் நண்பன் ஒருவன் அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தான். புல்நெருப்பு காலையிலேயே அடங்கிவிட்டது. மிச்சமாய்ப் புகைந்த கட்டைகளைப் புரட்டித் தண்ணீர் அடிக்கும் வேலையில் நின்றிருக்கிறான். வாந்தி, தலையிடி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி இரவு முழுக்க வைத்திருந்தார்கள். விடியப்புறம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "நெருப்பு எனக்குக் கிட்டவே வரேல்லை அப்பா." என் புத்தியைக் கேட்டு உள்ளே ஒரு தடித்த ஸ்வெட்சேர்ட் போட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படி அகப்பட்டவர்தான் கிரஹாம் பட்.

பட் ஒரு வைத்தியர். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது குளிரை. 1954இல் அந்தாட்டிக்காவின் வாசலில் கிடக்கும் ஹேர்ட் தீவில் அவுஸ்திரேலியக் குழுவோடு தங்கி, மனித உடம்பு குளிருக்கு எப்படிப் பழகுகிறது என்று பார்த்தவர். 1965 ஜனவரியில் அந்தத் தீவின் எரிமலையான பிக் பென்னின் உச்சியில் முதன்முதலாகக் கால்வைத்த ஐவரில் ஒருவர். பனியில் நடுங்கிய மனிதர்களை அளந்த இந்த ஆள்தான் 1980களில் நெருப்பின் முன்னால் நிற்பவர்களை அளக்க வந்தார். எனக்கு இது விசித்திரமாகத் தெரிந்தது. பிறகு யோசித்தால் அதுவே சரி: உடம்பு எங்கே சூட்டை உண்டாக்குகிறது, எதனால் இழக்கிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி.

ஆராய்ச்சியின் பெயர் புறொஜெக்ட் அக்குவாரியஸ். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஃபில் செனி என்ற காட்டுத்தீ அறிஞர் முன்னின்று நடத்தியது. அதன் மூல நோக்கம் தொண்டர்களின் சுகமல்ல. பெரிய விமானங்களில் தண்ணீரும் இரசாயனமும் கொட்டினால் செலவுக்கு ஈடாகுமா என்று அரசுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கையில் கருவியோடு நிற்கும் ஒரு மனிதன் மணிக்கு எவ்வளவு செய்வான் என்ற கணக்குத் தேவைப்பட்டது. இப்படிப் பக்கவழியால்தான் மனித உடம்பு அந்தக் கணக்குக்குள் வந்தது.

மேற்கு அவுஸ்திரேலியாவில் நன்னப் அருகே மக்கோர்க்கில் காடு போன்ற இடங்களில் வேண்டுமென்றே நெருப்பு வைத்தார்கள். ஆட்கள் ரேக்ஹோ என்ற கருவியால், ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் வாரி, சருகை வழித்து வெறும் மண் தெரியக் கோடு போட்டார்கள். ஒவ்வொருவருடைய இதயத்துடிப்பு, உடம்பின் உட்சூடு, மூச்சு, வியர்வை எல்லாம் அளக்கப்பட்டன. முடிவுகள் ஒரு தொடராக அச்சில் வந்தது 1997இல்தான்.

அவற்றில் என்னை உட்கார வைத்த முடிவு ஒன்று. அந்த மனிதர்கள் சுமந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெருப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரவில்லை. அவர்களுடைய சொந்த உழைப்பிலிருந்து வந்தது. தசை எரிக்கும் சக்தியில் நாலிலொரு பங்கு வேலையானால் பெரிது, மீதி வெக்கை. அதை வெளியேற்ற உடம்புக்கு முக்கியமான வழி வியர்வைதான். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். உடுப்புக்குள் ஊறிக்கிடந்தால், சொட்டி நிலத்தில் விழுந்தால், ஒன்றையும் கொண்டுபோகாது. அவர்களோ மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்த்தார்கள். ஆகவே காட்டுத்தீயில் நிற்பவனின் உடுப்பு வெக்கையை வெளியே நிறுத்துவதைவிட உள்ளிருப்பதை வெளியே விடவேண்டும் என்று பட்டும் அவரது சகாக்களும் வாதாடினார்கள். தளர்வான, ஒற்றைத் துணி.

சாம்பல் புதனின் 12 பேரை நினைத்திருந்த நாட்டில் இது கேட்க எளிதான வாதமல்ல. ஆனால் தீ வண்டியைச் சூழும் அந்தச் சில நிமிடங்கள் வேறு, எட்டு மணி நேரம் வழித்துக்கொண்டு நிற்பது வேறு. முன்னதைத் தடுப்பது தண்ணீரும் வண்டியும் காற்றைப் பற்றிய எச்சரிக்கையும். 1998இல் லின்டனில் ஜீலோங் வெஸ்ட் படையின் ஐந்து தொண்டர்கள் இறந்ததும் ஒரு காற்றுத் திருப்பத்தில்தான். அதன்பிறகே வண்டியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைக்கும் விதி இறுகியது. வீடு எரியும்போது உள்ளே போகிறவர்களுக்குக் கதையே மாறும். அவர்களுக்குப் பல அடுக்குக் கோட்டும் முதுகில் காற்றுக் குடுவையும் வேண்டும். அதற்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றி, முழங்கைவரை குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்கச் செய்கிறார்கள். பிரித்தானியக் கடற்படை கப்பல் தீயணைப்பவர்களிடம் சோதித்த வழி. கையில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்புகிறது.

இதையெல்லாம் வாசிக்கையில் ஐயாவின் ஞாபகம் வந்தது. புகையிலைத் தோட்டத்துக்கு அவர் விடிய நாலு மணிக்கே இறைக்கப் போவார். பத்து மணிக்கு வெயில் ஏறினால் வரம்பில் குந்திவிடுவார். பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் வெங்காயமும். ஒரு சாரம், தோளில் ஒரு துவாய், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் கொத்திக்கொண்டு நின்றால் "அவனுக்கு விசர்" என்பார். நிறுத்துவது அவருக்கு வெட்கமாயிருந்ததில்லை, தோட்டம் அவருடையது.

தொண்டர் படையில் அப்படியல்ல. பக்கத்தில் நிற்பவன் நிறுத்தாதவரை நீயும் நிறுத்துவதில்லை. மகன் அன்றைக்கு இரண்டு மணி நேரமாகத் தலை சுற்றுவதை யாருக்கும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரேயொரு மண்ணிறத் தோல்காரன். "நான் ஏலாது எண்டு சொன்னா எல்லாருக்கும் ஏலாது எண்ட மாதிரி ஆயிடும்" என்று பிறகு சொன்னான். இதை எந்தக் கருவியால் அளப்பது? பட்டின் ஆட்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டதால்தான் அவர்களுடைய உட்சூடு பெரும்பாலும் கட்டுக்குள் நின்றது.

2009இல் கறுப்புச் சனிக்கு முந்திய வெக்கைவாரத்தில் மெல்பேர்ண் மூன்று நாள் தொடர்ந்து 43 பாகையைத் தாண்டியது. விக்ரோறியாவில் வழக்கத்தைவிட 374 பேர் அதிகமாக இறந்தார்கள். நெருப்பில் இறந்த 173 பேருக்கு நினைவிடங்கள் உண்டு. அந்த 374 பேரை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. 2020 ஜனவரி 4இல் சிட்னியின் பென்றித்தில் 48.9 பாகை. டூங்காபியில் இருக்கும் மச்சாள் யன்னல் கண்ணாடியில் கைவைக்க முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். அந்தக் கோடையில் நியூ சவுத் வேல்ஸ் தொண்டர்கள் வாரக்கணக்கில் வீடு திரும்பாமல் நின்றார்கள். பத்து நாளுக்கு மேல் நின்றவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று அரசாங்கம் யோசித்து, கொடுக்கவும் செய்தது.

மகன் இப்போது அவனுடைய வண்டியில் குழுத் தலைவன். வெயில் நாளில் இருபது நிமிடத்துக்கொரு தரம் அவன்தான் முதலில் தலைக்கவசத்தைக் கழற்றி, கோட்டைத் திறந்து, வண்டி நிழலில் குந்துகிறானாம். "களைக்காட்டியும் குந்துவன் அப்பா. நான் குந்தினாத்தான் மற்றவங்கள் குந்துவாங்கள்." மனைவி இப்போதும் அழுகிறாள், ஆனால் சைரன் செய்தி வந்ததும் மோர்ப் போத்தலில் உப்புப் போட்டுவிட்டுத்தான் அழுகிறாள். மற்றப் பொடியன்களுக்கும் அது பிடித்துவிட்டதாம், போனமுறை ஒரு போத்தல் காணாமல் போச்சு என்றான்.