மீட்டரும் குடமும்



நான் தூத்துக்குடிக்காரி. குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய தெருவில் வளர்ந்தவள். 2014 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பணி முடிந்து வரும் வழியில் டப்ளினில் என் பேருந்து நகரவில்லை. தண்ணீருக்குக் கட்டணம் கூடாது என்று பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 'கொடுத்து வைத்தவர்கள்' என்று சிரித்துக்கொண்டேன். சிரித்தது தவறு என்று பிறகுதான் புரிந்தது.

அயர்லாந்தில் 1997 முதல் வீடுகளுக்குத் தண்ணீர்க் கட்டணம் இல்லை. செலவு வரிப்பணத்தில் நடந்தது. நிதி நெருக்கடியில் 2010இல் வெளிக்கடன் வாங்கியபோது, கட்டணத்தைக் கொண்டுவருவதாக அரசு ஒப்புக்கொண்டது. சம்பள வெட்டிலும் புதிய வரிகளிலும் நொந்திருந்த மக்கள், 'இதற்குத்தான் ஏற்கெனவே வரி கட்டுகிறோமே' என்றார்கள்.

முதலில் போட்ட திட்டப்படி மீட்டர் வைத்து, வீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 லிட்டர் இலவசம்; அதற்கு மேல் அளவுக்கேற்ற கட்டணம். எதிர்ப்பு வலுத்ததும், தனியாள் வீட்டுக்கு 160 யூரோ, மற்ற வீடுகளுக்கு 260 யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். பதிவு செய்தவர்களுக்கு 100 யூரோ 'நீர்ச் சேமிப்பு மானியம்'. சேமித்தாலும் 100, சேமிக்காவிட்டாலும் 100. விலைக்கும் சிக்கனத்துக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய அங்கேயே அறுந்தது. 2016இல் கட்டணம் நின்றது. 2017இல் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது.

மிஞ்சியது மீட்டர். 8 லட்சத்துக்கும் மேல் பொருத்தியிருந்தார்கள். எந்த வீட்டு மண்ணுக்கடியில் குழாய் இரவும் பகலும் ஒழுகுகிறது என்று அவை காட்டின. சுத்திகரித்த நீரில் பாதிக்கு நெருக்கமாகக் கசிவிலேயே போய்க்கொண்டிருந்த நாடு இது. வீட்டின் முதல் கசிவை இலவசமாகவே அடைத்துத் தந்தார்கள்.

நோயாளி குடித்ததையும் கழித்ததையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுதுவது என் வேலை. அளவு தெரியாமல் வைத்தியம் இல்லை. ஆனால் அளப்பது வேறு, விலை வைப்பது வேறு. குடத்துக்குக் காசு கொடுத்த நாட்களில் அம்மா சமையல் தண்ணீரைக் குறைக்கவில்லை. நாங்கள் கை கழுவும் தண்ணீரைத்தான் குறைத்தார். வயிற்றுப்போக்கு நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

தண்ணீருக்கு விலை வேண்டுமா என்றால், தேவைக்கு வேண்டாம், விரயத்துக்கு வேண்டும் என்பேன். சராசரியைப் போல் 1.7 மடங்கைத் தாண்டினால்தான் கட்டணம் என்று 2017 சட்டமும் எழுதி வைத்தது. அந்த ஊர்வலத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.