கருவியின் வடிவும் இசையின் வலிமையும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திறமைக் குறைவைக் கருவியின்மீதும் இடத்தின்மீதும் சுமத்துவோரை நகையாட நம் முன்னோர் கண்ட பழமொழி இது. இதைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் பொருள் கூறிக் கற்பித்திருக்கிறேன். ஆயினும், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ண வைத்தவன் என் முன்னாள் மாணவன் ஒருவன்.

தோட்டம் கைமாறியபின் ஈப்போ நகரின் ஓரத்தில் குடியேறிய குடும்பம் அவனுடையது. தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தவன், "ஐயா, ஹெவி மெட்டல் வாசிக்க வேண்டுமென்றால் அம்பு முனை போன்ற கித்தார்தான் வேண்டுமாமே? என்னிடம் இருப்பது பழைய நைலான் தந்திக் கித்தார். இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு அதை வாங்கிவிடட்டுமா?" என்றான். "அந்த இரைச்சலுக்கு இவ்வளவு பணமா?" என்று கேட்கவே என் நா முந்தியது. ஆராயாத பொருள்பற்றித் தீர்ப்புக் கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று என்பதால் அடக்கிக்கொண்டேன். அவனுக்காகத் தேடி அறிந்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

கருவியின் அமைப்பு இசையை ஆள்கிறதா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. 21 நரம்புகள் கொண்ட பேரியாழ் முதல் 7 நரம்புகள் கொண்ட செங்கோட்டியாழ் வரை நம் முன்னோர் வகைப்படுத்தி வைத்தனர். மறைந்துபோன அக்கருவிகளின் இலக்கணத்தை ஆராய்ந்து விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கு உரியது. வீணையிலோ மெட்டின்மீது தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, ஒரு சுரத்தை அசைத்துக் கமகமாக்கலாம். இசை கமகத்தை வேண்டியபோது அதற்கு இடங்கொடுத்த கருவி நிலைத்தது.

மேலை நாட்டு வயலின் நமக்கு வேறொரு பாடத்தைத் தருகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். அதன் உடலமைப்பில் அவர்கள் எதனையும் வெட்டவுமில்லை, ஒட்டவுமில்லை. தந்திகளின் சுருதி மாறியது. நின்று வாசித்தது போய்த் தரையில் அமர்ந்து வாசிக்கும் முறை வந்தது. கருவி மாறாமலே கை மாறியது.

மாண்டலின் கதையோ இதற்கு நேர்மாறானது. 1969இல் பிறந்து 2014இல் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட பழைய அமைப்பை விடுத்து, ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினைக் கையாண்டார். இரட்டைத் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் எழுப்புவது அரிது. மின்விசையின்றி அதன் நாதம் நெடிது நில்லாது. இங்குக் கை மட்டும் மாறினால் போதவில்லை. கருவியும் மாற வேண்டியிருந்தது.

இனி, கித்தாருக்கு வருவோம். 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின் கித்தார், அதன் தோற்றத்தால் 'வறுக்கும் சட்டி' என்றே அழைக்கப்பட்டது. அதன் உயிர், பிக்கப் எனப்படும் காந்தச் சுருளில் இருந்தது. எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்குகிறது. நைலான் தந்திக்கு இந்த ஆற்றல் இல்லை. குடம்போல் உள்ளீடற்ற உடலும் இவ்விசைக்கு இடையூறே. பெருக்கிய ஒலி அவ்வுடலையே மீண்டும் அதிரச் செய்ய, ஊளையொலி எழும். கெட்டியான மரத்தால் ஆகிய உடல் அதனைப் பெரிதும் தடுக்கிறது.

ஒலிபெருக்கி தன் அளவை மீறி உழைக்கும்போது ஒலி சிதைகிறது. அச்சிதைவே ஹெவி மெட்டலின் அழகு. அந்நிலையில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் குழப்பமே மிஞ்சும். ஆனால் சட்சமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலித்தால் தெளிவு கெடுவதில்லை. நம் தம்பூரா காலங்காலமாக முழங்கும் அதே இணையை, அக்கலைஞர்கள் இடியென முழக்குகின்றனர் எனலாம்.

இவ்விசையின் தோற்றமோ குறைபாட்டிலிருந்து எழுந்த வரலாறு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டோனி அயோமி என்னும் இளைஞர், 17 வயதில் உலோகத் தகட்டு ஆலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவராதலால் தந்தியை அழுத்தும் கையே அது. அவர் நெகிழியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் கேட்கும் அந்தக் கனத்த ஒலிக்கு இந்தத் தாழ்ந்த சுருதியும் காரணமாகும். பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. அதன் பதிவின்போது தம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரின் பிக்கப் பழுதுபட்டதால்தான் அவர் கிப்சன் எஸ்.ஜி. கித்தாரைக் கையிலெடுத்தார். பின்வந்தோர் இலக்கணமாகக் கொண்ட கருவி, முதல்வருக்கு மாற்றுக் கருவியாக வாய்த்தது!

அம்பு முனை வடிவின் வரலாறும் அறியத்தக்கதே. கிப்சன் நிறுவனம் 'ஃபிளையிங் வி' கித்தாரை 1958இல் வெளியிட்டபோது ஹெவி மெட்டல் என்னும் இசையே பிறக்கவில்லை. வாங்குவோர் மிகச் சிலராதலால் விரைவில் உற்பத்தியும் நின்றது. அதனைப் புகழுக்குக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங். மெட்டல் கலைஞர்கள் பின்னரே அதனை ஏற்றனர். மேடையில் அவ்வடிவம் கண்ணைக் கவரும். உயர்ந்த மெட்டுகளை எட்டுவதற்கும் ஓரளவு உதவும். அந்த முழக்கத்தைப் பிறப்பிப்பது அதுவன்று.

மாறாக, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மாற்றங்கள் சில பெரும்பயன் தந்தன. இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை நீக்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்பை சேத் லவர் உருவாக்கினார். 1957இல் அது கிப்சன் கித்தார்களில் இடம்பெற்றது. டீப் பர்ப்பிள் குழுவின் ரிட்சி பிளாக்மோர், சுவீடனின் இங்வே மாம்ஸ்டீன் ஆகியோர் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகக் குடைந்த கித்தார்களை வாசித்தனர். விரல் மரத்தைத் தொடாமையால் தந்தியை எளிதில் வளைக்கலாம். 'சக்தி' குழுவிற்காக ஜான் மெக்லாக்ளின் 1970களில் இத்தகைய கித்தாரையே பயன்படுத்தினார். உயர்ந்த மெட்டுகளின்மேல் தந்தி மிதக்கும் நம் வீணையின் தத்துவம் இதனுள் இருப்பது வீணை கற்றோர்க்கு நன்கு விளங்கும்.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய 'ருத்ரா' குழு, சமஸ்கிருதச் சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் மெட்டல் இசையில் இழைத்துப் புகழ்பெற்றது. அக்குழுவிற்குத் தனித்தன்மை தந்தது அந்தப் பொருளும் பண்ணுமே.

இவற்றையெல்லாம் படித்தபோது என் தந்தையார் நினைவில் வந்தார். பகலில் பால்மரம் வெட்டிய அவர், திருவிழா இரவுகளில் தப்படித்தார். அடிக்குமுன் நெருப்பருகே தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் காட்டுவார். வேறொருவர் தம் தப்பின் கட்டைக்கு வண்ணம் பூசி அழகுபடுத்தியிருந்தார். தோலைக் காய்ச்சும் பொறுமை மட்டும் அவரிடம் இல்லை. கூட்டம் யாருடைய அடிக்கு ஆடியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், என் தந்தை தப்படிப்பவர் என்பதை நண்பர்களிடம் மறைத்தேன். கருவியை அதன் தோற்றத்தாலும் அதனை ஏந்தியவரின் நிலையாலும் அளந்த பிழை அது. மாணவனின் இசையை இரைச்சல் என்று தள்ள முந்திய நாவும் அதே பிழையைத்தான் செய்யவிருந்தது.

அவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, உன் கூடம் கோணல்தான். நைலான் கித்தாரில் நீ விரும்பும் ஓசை வாராது. எனினும் அம்பு முனைக்கு இரண்டு மாதச் சம்பளம் வேண்டா. கெட்டியான உடலும் நல்ல பிக்கப்பும் நேரான கழுத்தும் உள்ள பழைய கித்தார் ஒன்று போதும். மீதிப் பணத்தில் ஓர் ஒலிபெருக்கி வாங்கு. மீதி நேரத்தைப் பயிற்சிக்குக் கொடு."

அவன் அவ்வாறே செய்தான். அண்மையில் அவன் வாசிக்கக் கேட்டேன். முழுவதும் எனக்கு விளங்கிற்று என்று கூறமாட்டேன். ஆனால் சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து எழுந்தபோது, நெருப்பில் காய்ந்த தோலின் முதல் அடி என் செவியில் கேட்டது.

ஆசிரியர்களே, மாணவர்களே! கருவி குறையுடையதா, கை குறையுடையதா என்று பிரித்தறிவதே கல்வி. கூடம் கோணல் என்று எவரேனும் கூறினால் நகைக்குமுன் ஒருமுறை கூடத்தையும் அளந்து பார்ப்போம்.