பல் நாற்காலிக்கு அருகில் நிற்பவர்

மூன்று மாநில எல்லைகளும் நெருங்கும் குப்பம், சாந்திபுரம் பக்கத்தில் பல்வலியோடு வருபவர் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ முதலில் பேசுவது உதவியாளரிடம்தான். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது பெரும்பாலும் அங்கேதான் வெளிவருகிறது. அந்த உதவியாளருக்கு அடிப்படை மருந்தியல் கற்பிக்க வேண்டும் என்றால் அது ஏதோ புதிய சலுகைபோலப் பலருக்குத் தோன்றுகிறது. மயக்க மருந்தின் வரலாற்றைப் பார்த்தால், நாம் கைவிட்ட ஒரு பாதுகாப்பை மீட்பதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

எடின்பரோவில் மருத்துவர் சிம்சன் 1847-இல் குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே, கால் நகத்தை எடுக்க மயக்கமூட்டப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி, நிஜாமின் பொருளுதவியோடு 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தி, மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று அறிவித்தார். 1911-இல் குட்மன் லெவி அதை மறுத்தார்: மயக்கம் லேசாக இருக்கும்போது அட்ரினலின் சேர்ந்தால் இதயமே தாளம் தவறி நின்றுவிடும் என்று விலங்குகளில் காட்டினார். பல் பிடுங்க வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் பெரும்பாலும் லேசான மயக்கமே. லாரியின் முடிவு பிழைபட்டது. ஆனால் மூச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் நிற்க வேண்டும் என்று அவர் மாணவர்களைப் பழக்கிய ஒழுங்கு பிழைபடவில்லை. அவரிடம் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி மயக்க மருந்து கொடுப்பதையே தம் துறையாக்கிக்கொண்டார். கருவி பிடிப்பவர் வேறு, மருந்தைக் கவனிப்பவர் வேறு என்பதே அந்தக் காலம் விட்டுச்சென்ற பாடம்.

அந்தப் பாடத்தை மறக்கடித்தது மருந்தின் முன்னேற்றமே. 1884-இல் கார்ல் கோலர் கோகைனால் கண்ணை மரத்துப்போகச் செய்தார். 1905-இல் புரோகைன் வந்தது. லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய லிக்னோகைன் 1948-இல் விற்பனைக்கு வந்தது. இவை ஊசி போட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்ய, நோயாளி விழித்திருப்பதால் தனியே ஒருவர் கவனிக்கத் தேவையில்லை என்றாயிற்று. அதே 1948-இல் இயற்றப்பட்ட இந்தியப் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவரையும், பல் சுகாதாரப் பணியாளரையும், பல் மெக்கானிக்கையும் பதிவேட்டில் ஏற்றியது. நாற்காலியருகே மருந்தை எடுத்துக் கொடுப்பவருக்கு அதில் இடம் தரவில்லை. அப்போது குப்பம் அடங்கிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிய அதே ஆண்டு, சித்தூர் ஆந்திரத்தோடு போனது. மாநிலம் மாறினாலும் அந்த உதவியாளரின் நிலை மாறவில்லை.

ஆனால் ஆபத்து மறைந்துவிடவில்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கும் 30 மி.லி. லிக்னோகைன் குப்பியை எடுத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்றால் மி.லி.க்கு 20 மி.கி.; ஒரு குப்பியில் 600 மி.கி. அட்ரினலின் கலந்திருந்தாலும் ஒரு பெரியவருக்கு ஒரே வேளையில் கொடுக்கக்கூடிய உச்ச அளவு 500 மி.கி. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி. வீதம் 66 மி.கி.; அதாவது 3.3 மி.லி. மட்டுமே. அட்ரினலின் கலந்த குப்பியும் கலக்காத குப்பியும் ஒரே அலமாரியில் இருக்கும்போது, எடுத்துக் கொடுக்கும் கைக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அளவு மீறினால் நாக்கு மரத்து, காது இரைந்து, பேச்சு குழறும். பிறகு வலிப்பு வரும். மருத்துவரின் கண் பல்லில் இருக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் உதவியாளர்தான்.

அரைகுறை அறிவு போலி மருத்துவர்களை வளர்க்கும் என்பார்கள். 1948 சட்டமே போலிகளைத் தடுக்க வந்தது என்பதால் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மருந்து எழுதும் உரிமை வேறு, தடுத்து நிறுத்தும் அறிவு வேறு. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் என்று அறிந்த உதவியாளர் சீட்டு எழுதப்போவதில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்வார். சிறு ஊருக்கு இது கட்டுப்படியாகாது என்ற வாதமும் நிற்காது. கற்க வேண்டியது முழு மருந்தியல் அல்ல: மரத்துப்போகச் செய்யும் ஊசி, வலிநிவாரணி, நுண்ணுயிர்க்கொல்லி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, பென்சிலின் ஒவ்வாமை ஆகிய சிலவே. அந்தந்த மருத்துவரே மாலை வேளைகளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மருந்தைத் தொடும் கை எதுவோ, அதற்கு மருந்தின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். பல் மருத்துவமனை நடத்தும் ஒவ்வொருவரும் இதைத் தம் கடமையாகவே ஏற்க வேண்டும்.