பேஸ் கிட்டாரின் தலையெழுத்து

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பது மனிதருக்குச் சரி. எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரின் தலைக்கோ ஒரே வேலைதான்: நான்கு ட்யூனிங் கீகளைத் தாங்குவது. நாதம் பிறப்பதெல்லாம் கழுத்தின் முனையில் தந்தி படியும் நட்டுக்கும், உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே. நட்டைத் தாண்டிய மரம் எப்படி வளைந்தால் யாருக்கு என்ன? ஆனாலும் அந்தச் சாண் அளவு மரத்துக்காகக் கம்பெனிகள் நீதிமன்றப் படியேறியிருக்கின்றன.

இதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவில் இருக்கிறது. அங்கே யோஹான் கேயோர்க் ஷ்டாஃபர், ஆறு கீகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துக் கிட்டார் செய்தார். அவரிடம் வேலை பார்த்த சி.எஃப். மார்ட்டின், ஜெர்மனியில் தன் ஊரான மார்க்நொய்கிர்ஷனுக்குத் திரும்பினால், அங்கே தொழில் தகராறு. கிட்டார் செய்யும் உரிமை எங்களுக்கே என்று வயலின் செய்வோர் சங்கம் மரச்சாமான் தச்சர்களோடு மல்லுக்கு நின்றது. வெறுத்துப்போன மார்ட்டின் 1833-ல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். ஷ்டாஃபரின் வளைந்த தலையும் கூடவே போனது. சில காலம் அதே வடிவில் செய்துவிட்டு, பிறகு அவரே அதைக் கைவிட்டார்.

நீண்ட காலம் உறங்கிய யோசனையை எழுப்பியவர் மெர்ல் ட்ராவிஸ் என்ற நாட்டுப்புறப் பாடகர். எல்லா கீயும் ஒரு பக்கமாக இருக்கட்டும் என்று அவர் வரைந்து கொடுத்த கிட்டாரை 1948-ல் கலிஃபோர்னியாவின் பால் பிக்ஸ்பி செய்து தந்தார். பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் உலகத்து மெக்கானிக். அந்தக் கிட்டாரை லியோ ஃபெண்டர் இரவல் வாங்கிப் போனார் என்பது ட்ராவிஸின் கட்சி. இல்லை, குரோஷியாக்காரர்களின் நாட்டுப்புற வாத்தியத்தில் பார்த்தேன் என்பது லியோவின் கட்சி. இரண்டில் எது உண்மையானாலும், தலை ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்.

லியோ ரேடியோ ரிப்பேர்க்காரர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1951-ல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் ஒல்லித் தலை, அவருடைய டெலிகாஸ்டர் கிட்டாரின் தலையையே ஒத்திருந்தது. போட்டிக் கம்பெனியான கிப்சன்காரர்கள் தலையைப் பின்புறம் சாய்த்துச் செதுக்குவார்கள். அதற்குக் கனமான மரக்கட்டை வேண்டும். லியோவோ தட்டையான மேப்பிள் பலகையிலேயே கழுத்தையும் தலையையும் சேர்த்து அறுத்தார். மரமும் மிச்சம், வேலையும் மிச்சம். நான்கு கீயும் ஒரே வரிசையில் நின்றதால் தந்திகள் நட்டில் வளையாமல் நேராக ஓடின. சாய்வு இல்லாததால் நட்டில் அழுத்தம் குறையும். அதற்கு மேலே ஒரு சிறு பிடிப்பானைத் திருகிச் சமாளித்தார். சிக்கனத்தில் பிறந்த அழகு என்று இதைத்தான் சொல்வேன். 1957-ல் அவருடைய இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அகன்ற, வளைந்த தலை பேஸுக்கும் வந்தது. இன்று 'பேஸ்' என்றதும் கண்ணில் நிற்பது அதுதான்.

மற்றவர்களுக்குப் பழைய டபுள் பேஸின் ஞாபகம் லேசில் போகவில்லை. கிப்சன் 1953-ல் வயலின் உடலோடு ஒரு பேஸ் செய்து, நிறுத்தி வாசிக்க அடியில் ஊன்றுகம்பியும் வைத்தது; கீகள் பாஞ்சோவில் போலத் தலையின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. ஆம்பெக் 1966-ல் தலையை வயலின் சுருளாகவே செதுக்கிவிட்டது. இடையில், 1963-ல், ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளர் கிப்சனுக்காகத் தண்டர்பேர்டை வரைந்தார். பார்க்கப் பறக்கும் தலை. கீழே விழுந்தால் கழுத்தோடு சேரும் இடத்தில் முறியும் தலையும் அதுவே.

எழுபதுகளில் ஜப்பானிய நகல்கள் பெருகின. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானிய பிராண்டான ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் எல்கர் மீது பிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. முழுக் கிட்டாரும் நகலாக இருக்க, வழக்கோ தலையின் வடிவத்தைப் பற்றியது! வேடிக்கை என்னவென்றால், அதற்குள் ஐபனெஸ் தலையை மாற்றியிருந்தது. அடுத்த ஆண்டே சமரசமும் ஆயிற்று. அது ஆறு தந்திக் கிட்டார்களைக் குறித்த வழக்குதான், ஆனால் பாடம் பேஸ் செய்தவர்களுக்கும் புரிந்தது. பிற்பாடு 2009-ல், பிரிசிஷன் பேஸின் உடல் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிய ஃபெண்டர் கேட்டபோது அமெரிக்க அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அவ்வளவு பேர் அதை நகலெடுத்தாயிற்று. தலை மட்டும் ஃபெண்டரின் முத்திரையாக நிலைத்தது. உடலை யாரும் செய்யலாம், தலையில் கைவைத்தால் வக்கீல் நோட்டீஸ்.

லியோவே தன் தலையை ஒரு முறை மாற்றிக்கொண்டார். 1965-ல் தன் ஃபெண்டர் கம்பெனியை விற்றவர், போட்டித் தொழில் செய்யத் தடையிருந்த பத்தாண்டும் கழிந்ததும், 1976-ல் மியூசிக் மேன் கம்பெனியில் ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்தார். மேலே மூன்று கீ, கீழே ஒன்று. தலை குட்டையாகி, எடையும் கொஞ்சம் இறங்கியது.

எடைதான் பேஸின் தீராத தொல்லை. வாரில் மாட்டிக் கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கும். புரூக்ளினில் நாற்காலி, மேசை வடிவமைத்துக்கொண்டிருந்த நெட் ஸ்டைன்பெர்கர், பக்கத்தில் வேலை செய்த ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக ஒரு பேஸ் வரைந்தார். அப்போது இந்தத் தொல்லை அவர் மண்டையைக் குடைந்தது. கீகளை உடலின் அடிக்குக் கொண்டுபோனால்? கொண்டுபோனார். அதன் பின் தலைக்கு வேலையே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கிராஃபைட்டும் எபாக்ஸியும் சேர்ந்த அவருடைய எல்-2 பேஸ் தலையில்லாமல் கடைக்கு வந்தது. ஹோனர் முறையாக உரிமம் பெற்று மலிவாக ஒன்று செய்தது. உரிமம் பெறாதவர்களும் செய்தார்கள். ஆனால் இரு முனையிலும் குண்டு வைத்த தனித் தந்தி வேண்டியிருந்தது. நடுராத்திரிக் கச்சேரியில் அறுந்தால் எங்கே போய் வாங்குவது?

அந்தச் சிக்கலையும் பின்னர் வந்தவர்கள் தீர்த்தார்கள். 2020-ல் வந்த இஎச்பி வரிசை தலையில்லா பேஸில் சாதாரணத் தந்தியே மாட்டலாம். அதைச் செய்தது, தலைக்காக வழக்கில் மாட்டிய அதே ஐபனெஸ்.